ஜெபித்தும் பதில் இல்லையே: துன்பகாலத்து விசுவாசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் காபி குடிக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் ஓரமாக வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்விகள் இவை. ஆராதனை வேளையில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் "விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார்" என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். பதில் எழுதுகிற நான் குருவானவர் அல்ல, சபையில் வேதபாடம் எடுக்கும் ஒரு சாதாரண விசுவாசி. வசனங்கள் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

ஒரே காரியத்துக்காக வருஷக்கணக்காக ஜெபிக்கிறேன். சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. கர்த்தர் என்னை மறந்துவிட்டாரா?

உங்கள் கேள்வி ஏற்கெனவே வேதத்தில் இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. தாவீதின் சங்கீதம் அது. இராகத்தலைவனிடம் ஒப்படைத்து, ஆராதனையில் பாடவைத்திருக்கிறார்கள்.

13ஆம் சங்கீதமாவது ஆறே வசனத்தில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடுகிறது. 88ஐ வாசித்துப் பாருங்கள். ஏமான் என்பவருடைய பாட்டு. இரவும் பகலும் கூப்பிடுகிறார், ஏன் உம்முடைய முகத்தை மறைக்கிறீர் என்று கேட்கிறார், நண்பர்களும் போய்விட்டார்கள் என்கிறார், அதோடு முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒரு "ஆனாலும்" வரும் என்று பார்த்தால் வரவில்லை. துதியும் இல்லை. இதைத் தொகுத்தவர்கள் ஒரு நல்ல முடிவை ஒட்டவைத்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. விசுவாசிக்கு இப்படியும் நாட்கள் வரும், அந்த நாளில் பாடவும் ஒரு பாட்டு வேண்டும் என்று தெரிந்தே விட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று. இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து சத்தம் உண்டாயிற்று. மறுரூப மலையிலும் உண்டாயிற்று. பாடுகளுக்குச் சில நாள் முன்பு, யோவான் 12இலும் உண்டாயிற்று. சிலுவையில் "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று அவர் கதறியபோது மட்டும் எந்தச் சத்தமும் வரவில்லை. குமாரனுக்கே அந்த வேளையில் பதில் வராதிருந்தது. பிதா அவரை மறந்துவிட்டார் என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. உங்களை மறந்துவிட்டார் என்றும் நான் சொல்லமாட்டேன். இதை நான் உங்கள் உணர்ச்சியை வைத்துச் சொல்லவில்லை, சிலுவையை வைத்துச் சொல்கிறேன். உணர்ச்சி வேறு விதமாகச் சொல்லும், சொல்லட்டும்.

ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, வீட்டில் சாபம் இருக்கிறது என்று ஒரு ஊழியர் சொன்னார். அதுதான் காரணமா?

அவருக்கு எப்படித் தெரியும் என்று முதலில் கேளுங்கள்.

பாவம் ஜெபத்துக்குத் தடையாகும் என்று வேதம் சொல்வது உண்மைதான். ஏசாயா 59 சொல்கிறது. மனைவியைக் கனத்தோடு நடத்தாத கணவனின் ஜெபம் தடைபடும் என்று பேதுருவும் எழுதுகிறார் (இந்த வசனத்தை வைத்துச் சாபம் முறிக்கிற கூட்டம் ஒன்றும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை). உங்களுக்கே தெரிந்த தவறு ஏதாவது இருந்தால், திருப்பிக் கொடுக்காத கடன், அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு, அதைச் சரிசெய்யுங்கள். பதில் கிடைக்கும் என்பதற்காக அல்ல, சரிசெய்ய வேண்டியது என்பதற்காக.

தெரியாத பாவத்தைத் தோண்டித் தோண்டித் தேடும்படி யாரும் உங்களுக்குக் கட்டளையிடவில்லை. பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள் இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் ஆண்டவர். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்காதீர்கள் என்றார். யோபுவின் சிநேகிதர் மூவரும் இதே விளக்கத்தைத்தான் அதிகாரம் அதிகாரமாகச் சொன்னார்கள். முடிவில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல்: "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." கர்த்தரையே கேள்விகேட்ட யோபுவுக்கு நற்சான்று, அவருக்காக வாதாடியவர்களுக்குக் கண்டிப்பு. சாபம் என்று சொன்ன ஊழியர் யோபு புத்தகத்தின் அந்த 42ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்தால் நல்லது.

அப்படியானால் என் விசுவாசம் போதவில்லையோ?

எவ்வளவு இருந்தால் போதும் என்று யாராவது அளந்து சொல்லியிருக்கிறார்களா? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறின தகப்பனின் அரைகுறை விசுவாசத்தையே இயேசு ஏற்றுக்கொண்டு அவன் மகனைக் குணமாக்கினார்.

பவுலையும் பாருங்கள். மாம்சத்திலே இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற வார்த்தைதான் வந்தது. அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கே அடிக்கடி பலவீனம். வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று வைத்தியம் சொல்கிறார். அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வரிகூட இல்லை. மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு நிருபங்களையும் எப்படித் தாண்டிப்போகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததேயில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுதல் ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் இறந்தார்கள். அந்தப் பெற்றோரிடம் போய் விசுவாசத்தின் அளவைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்? அங்கே சொல்ல முடியாததை உங்களிடமும் சொல்லக்கூடாது.

கர்த்தர்மேல் கோபம் வருகிறது. அது பாவம் இல்லையா? வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் அழிந்தார்களே?

இது நல்ல கேள்வி, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. இஸ்ரவேலர் எங்கே முறுமுறுத்தார்கள்? "உங்கள் கூடாரங்களில் முறுமுறுத்து" என்கிறது உபாகமம் 1. தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், மோசேயின்மேல் பாய்ந்தார்கள், திரும்ப எகிப்துக்கே போவோம் என்றார்கள். கர்த்தரிடம் மட்டும் அவர்கள் பேசவில்லை. அதே வனாந்தரத்தில் மோசே, இந்த ஜனங்களை நானா பெற்றேன், இப்படிச் செய்வதைவிட என்னைக் கொன்றுபோடும் என்று கர்த்தரிடமே கொட்டுகிறார் (எண்ணாகமம் 11). அவருக்குத் தண்டனை வரவில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ள எழுபது மூப்பரைக் கர்த்தர் கொடுத்தார். ஆபகூக்கும் எரேமியாவும் கர்த்தரை நேருக்கு நேர் கேட்டவர்கள்தான். புலம்பல் 3இல் "என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார்" என்று எழுதியிருக்கிறது. நாம் அடிக்கடி பாடும் "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை" என்பது அதே அதிகாரத்தில், அதற்குப் பிறகு வருகிறது. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பாடப் பழகிவிட்டோம்.

ஆகவே கோபத்தை அவரிடமே கொண்டுபோங்கள். பேச்சை நிறுத்திக்கொள்வதைவிடச் சண்டைபோடுவது மேல்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. என்ன செய்ய?

சொந்த வார்த்தை வராதபோது கடன் வாங்குங்கள். கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். 13, 22, 42, 77, 88, 130 என்று ஒரு சுற்று வைத்துக்கொள்ளலாம். பாமாலைப் பாட்டுப்புத்தகத்தில் தெரிந்த ஒரு பாட்டை வெறும் வாசிப்பாக வாசிக்கலாம், ராகம் வேண்டாம். உங்கள் சபையில் ஜெபப்புத்தகம் உண்டானால் அதிலுள்ள ஜெபங்கள் இப்படிப்பட்ட நாட்களுக்கு உதவும். சுயமாக ஜெபிக்காதது ஜெபமல்ல என்று சிலர் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். ஐந்து நிமிஷம் போதும். உபவாசமும் முழு இரவு ஜெபமும் இப்போது வேண்டாம். ஏற்கெனவே தூக்கம் கெட்டிருக்கிறவர் இன்னும் விழித்திருந்தால் மனம் இன்னும் இருளும்.

அதுவும் முடியாவிட்டால், "எனக்கு முடியவில்லை, நீங்கள் ஜெபியுங்கள்" என்று ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். திமிர்வாதக்காரனை நான்கு பேர் கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தையும் பேசியதாக இல்லை.

ஆலயத்துக்குப் போனால் சாட்சி நேரம்தான் தாங்க முடியவில்லை. "கேட்டேன், கொடுத்தார்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன்?

உங்களுக்கு மட்டும் இல்லை. கேட்டும் கிடைக்காதவர்கள் அந்த வரிசைகளில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை மேடைக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்தது. வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் கடல் புகவில்லை. அதைப் பலர் அற்புதமாகச் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அன்று காலை கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அவர்களும் மாதா கோவிலுக்கு வந்தவர்கள்தானே. கோவில் தப்பியதற்கு நன்றி சொல்வதில் தப்பில்லை. ஆனால் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் பக்கத்தில் நிற்கும்போது அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில் ஒரு கூச்சம் வேண்டும். நம் சபைகளில் சாட்சி சொல்கிறவர்களுக்கு அந்தக் கூச்சத்தை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

சாட்சி நேரத்தில் கொஞ்சம் வெளியே போய் நின்றுவிட்டுத் திருவிருந்துக்கு உள்ளே வாருங்கள். ஒன்றும் ஆகிவிடாது. அப்பமும் இரசமும் வாங்கிக்கொள்ள உங்களிடம் எந்தச் சாட்சியும் இருக்க வேண்டியதில்லை. வருவதை மட்டும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள். தனியாக வீட்டில் இருந்தால் அந்த 88ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

புத்தாண்டு ஆராதனையில் அட்டையில் அச்சிட்டுக் கொடுத்த வாக்குத்தத்த வசனம் நிறைவேறவில்லை. வாக்கு பொய்யா?

வாக்கு பொய்யல்ல, அட்டை சின்னது. அதிகமாக அச்சிடப்படும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது. முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: பாபிலோனிலே எழுபது வருஷம் நிறைவேறினபின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறார். எருசலேமிலிருந்து பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்குப் போன கடிதம் அது. அதைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலேயே செத்திருப்பார்கள். அதுவரை என்ன செய்யச் சொன்னார்? வீடு கட்டி குடியிருங்கள், தோட்டம் போட்டுச் சாப்பிடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளை பெறுங்கள். டிசம்பர் 31க்குள் முடித்துத் தருவதாக அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை.

பொருத்தனை செய்தால், அதாவது நேர்ந்துகொண்டால்? பெரிய காணிக்கை போட்டால்?

நன்றியாகக் கொடுங்கள், கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். பதில் வருவதற்குத் தொகை சொல்கிறவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பெரிய பரிசுத்தவான்களுக்கும் இப்படி இருந்திருக்கிறதா?

இருந்திருக்கிறது, வருஷக்கணக்காக.

அன்னை தெரசா 1997இல் மரித்தார். தம் ஆவிக்குரிய ஆலோசகர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2007இல் புத்தகமாக வெளிவந்தபோது பலர் திடுக்கிட்டார்கள். கல்கத்தாவின் தெருக்களில் ஊழியத்தைத் தொடங்கிய காலம் முதல், ஏறக்குறைய ஐம்பது வருஷம், ஜெபத்தில் தேவ பிரசன்னத்தை உணரவில்லை என்று எழுதியிருந்தார். 1958இல் சில வாரங்கள் அந்த இருள் விலகியது, பிறகு திரும்ப மூடிக்கொண்டது. "பாருங்கள், அவருக்கே விசுவாசம் இல்லை" என்று அப்போது சிலர் எழுதினார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. உணர்வு இல்லாமல் ஐம்பது வருஷம் தினமும் எழுந்து போய் ஜெபித்த ஒருவரிடம் இருந்ததற்கு விசுவாசம் என்று பெயர் இல்லையானால், வேறு எதற்கு அந்தப் பெயர்?

நம் பக்கத்தில் டோனாவூர் அம்மை, ஏமி கார்மைக்கேல். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் இருட்டில் குழிக்குள் விழுந்தார். அதிலிருந்து 1951 ஜனவரியில் மரிக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில், வலியோடு. எத்தனையோ பிள்ளைகள் அவருக்காக ஜெபித்திருப்பார்கள். அவர் எழுந்து நடமாடவில்லை. அந்த அறையிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார்.

ஸ்பெயின் தேசத்துச் சிலுவையின் யோவான், 1577 டிசம்பரில் தம் சொந்தத் துறவற சபையினராலேயே டொலேடோவில் சிறை வைக்கப்பட்டு, ஒன்பது மாதம் கழித்துத் தப்பியவர். ஆத்துமாவின் இருண்ட இரவைப் பற்றி எழுதியவர் அவர்தான். அவர் சொன்ன ஒரு அடையாளம் மிகவும் பயனுள்ளது. அனலுமின்றிக் குளிருமின்றி இருப்பவனுக்குத் தேவகாரியத்தைப் பற்றிக் கவலையே இருக்காது; இருண்ட இரவில் இருப்பவனோ, நான் பின்வாங்கிவிட்டேனோ என்று ஓயாமல் கவலைப்படுவான். நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பதே ஒரு பதில்.

இது ஆவிக்குரிய பிரச்சினையா, மனநோயா? டாக்டரிடம் போகலாமா?

போகலாம். சிலுவையின் யோவானே, பதினாறாம் நூற்றாண்டில், சில வறட்சி உடலின் நோயினாலும் வரும் என்று எச்சரித்திருக்கிறார். இரண்டும் சேர்ந்தும் வரும்.

எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கினவர், அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். கர்த்தர் அவருக்கு உடனே பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்து "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான் தூதன். திரும்பவும் தூக்கம், திரும்பவும் சாப்பாடு. மெல்லிய சத்தம் அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேப்புக்குப் போனபின்தான் வந்தது.

தூக்கம், பசி, வேலை எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுவது சர்க்கரைக்குச் சாப்பிடுவதுபோலத்தான். வேலூர் சிஎம்சியில் மிஷனரி மருத்துவம் வளர்ந்த இடத்திலேயே மனநல மையமும் 1957இலிருந்து இருக்கிறது. விசுவாசத்துக்கும் மனநல மருத்துவத்துக்கும் பகை என்று அவர்கள் நினைக்கவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். தொலைபேசி உதவி எண்கள்: இந்தியாவில் டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. இப்போதே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

எங்கள் வீட்டிலேயே ஒருவர் இப்படி இருக்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

குறைவாகச் சொல்லுங்கள். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்ததும் கெட்டது.

"எல்லாம் நன்மைக்கே" வேண்டாம். "தேவனுடைய பதில் ஆம், இல்லை, காத்திரு என்று மூன்று" என்பதும் வேண்டாம். வகுப்பில் சொல்ல அது அழகாக இருக்கும், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் குத்தும். சாப்பாடு கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இரவு கூட இருங்கள். அவர் அழுதால் அழவிடுங்கள். மார்த்தாளும் மரியாளும் "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்றார்கள். கிட்டத்தட்டக் குற்றச்சாட்டுதான் அது. இயேசுவும் செய்தி கேட்டபின் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் அதட்டவில்லை. மார்த்தாளோடு பேசினார், மரியாளோடு அழுதார். யாருக்கு எது வேண்டும் என்று பார்த்துச் செய்யுங்கள்.

கடைசிவரை பதில் வராமலே போனால்?

போகலாம். எபிரெயர் 11ஐ விசுவாச வீரர்களின் அதிகாரம் என்கிறோம். ராஜ்யங்களை ஜெயித்தவர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, வாளால் அறுப்புண்டவர்களையும் அதே பட்டியலில் வைக்கிறது. வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை இவர்கள் அடையாமற்போனார்கள் என்றும் ஒளிக்காமல் எழுதுகிறது. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன் நின்று, எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவியாமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். அதைச் சொன்னபோது தப்புவோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று உங்களை நான் கட்டாயப்படுத்தவில்லை. சிலருக்கு அது வர வருஷங்கள் ஆகும்.

இதையெல்லாம் ஐயரிடம் (சபைக் குருவானவரிடம்) சொல்லலாமா? தப்பாக நினைப்பாரோ?

பெரும்பாலும் நினைக்கமாட்டார். அவருக்கும் இப்படி நாட்கள் இருந்திருக்கும், சொல்லத்தான் ஆளிருக்காது. பேசத் தயக்கமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். "விளக்கம் வேண்டாம், கேட்டால் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குறிப்பில் பேர் சொல்லி அறிவிக்க வேண்டாம் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.